இளையோர் ஃபேன்டஸி நாவல்களுக்கு ஒரு மாதம்: எழுத்தாளரைப் பின்தொடர்ந்து வாசிக்கும் முறை

ஒரு மாதம் முழுவதும் இளையோருக்கான ஃபேன்டஸி நாவல்களை மட்டுமே வாசிப்பது என்று தீர்மானிக்கும் வாசகர், பெரும்பாலும் எட்டு பத்துப் புத்தகங்களின் பெயர்களை எழுதி வைத்துக்கொண்டு தொடங்குகிறார். அந்தப் பட்டியலில் பாதிக்கு மேல் ஏதாவது ஒரு தொடரின் முதல் பாகமாக இருக்கும். நாயகியின் தலைக்கு மேல் கத்தி தொங்கிக்கொண்டிருக்கும் இடத்தில் ஒவ்வொன்றும் நின்றுவிடும். மாதம் முடிகையில் அவரிடம் மிஞ்சுவது முடியாத கதைகள் ஐந்தாறும், ஒன்றோடொன்று கலந்துபோன பெயர்களும்தான். இவ்வகை நாவல் ஒவ்வொன்றும் புதிய நிலப்படத்தையும் புதிய அரச வம்சத்தையும் புதிய மந்திர விதிகளையும் கற்றுக்கொள்ளுமாறு வாசகரிடம் கேட்கிறது. அவ்வளவு உழைப்பைச் செலுத்திய பிறகு ஒரே புத்தகத்தோடு அந்த உலகத்தை விட்டு வெளியேறுவது நஷ்டமே. ஆகவே மாதத்தை எழுத்தாளர்களைக் கொண்டு அமைத்துக்கொள்ளுங்கள் என்பதே நான் இங்கே சொல்ல வரும் முறை. ஓர் எழுத்தாளரை மையமாக வைத்து அவருடைய இரண்டு மூன்று நூல்களை வாசிக்க வேண்டும்; அவருக்குப் பக்கத்தில் முற்றிலும் வேறுபட்ட இன்னொருவரையோ இருவரையோ வைத்துக்கொள்ள வேண்டும். மற்றவை எல்லாம் இந்த ஏற்பாட்டிலிருந்து கிளைப்பவை.

மைய எழுத்தாளரைத் தேர்ந்தெடுத்தல்

மையமாக வைக்கத் தகுந்த எழுத்தாளரிடம் மூன்று தகுதிகளைப் பார்ப்பேன். ஒரே கற்பனை உலகத்தில் அவர் பல ஆண்டு இடைவெளியில் எழுதியிருக்க வேண்டும். ஒவ்வொரு நூலும் தன்னளவில் ஒரு முடிவுக்கு வர வேண்டும். நூல்கள் மிகவும் பெரியவையாக இருக்கக் கூடாது. முதல் தகுதிதான் முக்கியமானது. இருபத்தைந்து வயதில் ஒருவர் படைத்த உலகத்துக்கு அவரே ஐம்பது வயதில் திரும்பி வரும்போது அங்கே எதை மாற்றுகிறார், எதைக் கேள்வி கேட்கிறார் என்பதைக் காண்பது, ஒரே எழுத்தாளரைத் தொடர்ந்து வாசிப்பதால் மட்டுமே கிடைக்கும் இன்பம்.

இந்த மூன்று தகுதிகளும் ஒருங்கே அமைந்தவர் அர்சுலா கே. லெ குவின். பதின்வயதினருக்காக ஒரு நூல் எழுதித் தருமாறு ஒரு பதிப்பாளர் கேட்டதன் விளைவாக 1968-இல் அவருடைய 'எ விசார்ட் ஆஃப் எர்த்சீ' வெளிவந்தது. கடலும் தீவுகளும் மட்டுமே கொண்ட ஓர் உலகம். அதில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒவ்வொரு மனிதருக்கும் ஒரு மெய்ப்பெயர் உண்டு. அந்தப் பெயரை அறிந்தவருக்கு அதன் மீது அதிகாரம் உண்டு. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த கெட் என்னும் சிறுவன், மந்திரப் பள்ளியில் தன் செருக்கினால் ஒரு நிழலை உலகத்துக்குள் விட்டுவிடுகிறான். நாவலின் பிற்பகுதி முழுவதும் அந்த நிழலுக்கும் அவனுக்கும் இடையிலான துரத்தல்தான். படைகள் மோதும் போர் எதுவும் இதில் இல்லை. இவ்வகை நாவல்களில் கடைசி நூறு பக்கங்கள் போருக்கென்றே ஒதுக்கப்படுவதைப் பார்த்துச் சலித்தவர்களுக்கு இதுவே ஒரு பெரிய ஆறுதல்.

1971-இல் வந்த இரண்டாம் நாவலான 'தி டூம்ஸ் ஆஃப் அட்டுவான்' என் மதிப்பீட்டில் முதல் நாவலைவிட இறுக்கமானது. சிறு குழந்தையாக இருக்கும்போதே பூசாரிணியாக்கப்பட்டு, சொந்தப் பெயரும் பறிக்கப்பட்ட தெனார் என்னும் பெண்தான் இதன் நாயகி. விளக்கேற்றுவதே குற்றமாகக் கருதப்படும் ஒரு நிலத்தடிச் சுரங்கத்துக்குள் கதை நகர்கிறது. கதை கணிசமாக முன்னேறிய பிறகே முதல் நாவலின் நாயகனான கெட், அதுவும் ஒரு திருடனாக, உள்ளே வருகிறான். நாம் ஏற்கனவே நெருங்கி அறிந்த ஒருவனை, அவனை அறியாத, அவனைக் கொல்லவும் அதிகாரம் பெற்ற ஒரு பெண்ணின் கண்களால் பார்க்க வைப்பது எளிய உத்தியாகத் தோன்றலாம். ஆனால் இரண்டு நூல்களையும் அடுத்தடுத்து வாசிக்கும்போதுதான் அதன் வலிமை தெரியும். 1972-இல் வந்த 'தி ஃபார்தெஸ்ட் ஷோர்' உலகத்திலிருந்து மந்திரம் வடிந்துபோகும் கதை. சாவைப் பற்றி இளையோரிடம் இவ்வளவு நேராகப் பேசும் நாவல்கள் குறைவு. அது 1973-இல் அமெரிக்காவின் தேசியப் புத்தக விருதைச் சிறுவர் இலக்கியப் பிரிவில் பெற்றது.

இதற்குப் பிறகு பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1990-இல், லெ குவின் 'தெஹானு' என்ற நாவலோடு அதே தீவுகளுக்குத் திரும்பினார். தெனார் இப்போது நடுவயது விதவை. தீக்காயங்களோடு கைவிடப்பட்ட ஒரு சிறுமியை வளர்க்கிறாள். முதல் மூன்று நூல்களில் மந்திரப் பள்ளியின் கதவு பெண்களுக்கு ஏன் மூடியிருந்தது என்ற கேள்வியை, அந்தப் பள்ளியைப் படைத்தவரே இதில் எழுப்புகிறார். 'தெஹானு'வை இளையோர் நாவல் என்று சொல்வது கடினம். ஆயினும் முதல் மூன்றையும் வாசித்தவர் மாதத்தின் கடைசி வாரத்தில் இதை எடுத்தால், ஓர் எழுத்தாளர் தன்னோடு தானே விவாதிப்பதை நேரில் பார்க்கலாம். மூன்றாவதைத் தாண்டி நேராக நான்காவதுக்குப் போவது மட்டும் கூடாது. மூன்றாவது முடியும் இடத்தில் கெட்டுக்கு என்ன நேர்ந்தது என்பதன் மீதுதான் நான்காவது நிற்கிறது.

லெ குவினின் நிதானமான, பழங்கதை சொல்லும் நடை ஒத்துவராதவர்கள் டெர்ரி பிராட்செட்டை மையமாக வைக்கலாம். 2003-இல் வந்த 'தி வீ ஃப்ரீ மென்' நாவலில் ஒன்பது வயதுச் சிறுமியாக, கையில் ஒரு வாணலியோடு தேவதை உலகத்துக்குள் நுழையும் டிஃபனி ஏக்கிங், ஐந்து நாவல்களில் படிப்படியாக வளர்ந்து இளம்பெண் ஆகிறாள்; ஐந்தாவதான 'தி ஷெப்பர்ட்ஸ் கிரவுன்' எழுத்தாளர் மறைந்த அதே 2015-ஆம் ஆண்டில், அவருடைய மறைவுக்குப் பிறகு வெளிவந்தது. நகைச்சுவைக்காக வாசிக்கத் தொடங்கி, ஆட்டுமந்தையையும் முதியவர்களையும் பேணுவதே மந்திரக்காரியின் முதல் வேலை என்று அவர் நிறுவுவதில் போய் முடிவோம். வாள்வீச்சு விரும்புவோருக்கு டமோரா பியர்ஸ் இருக்கிறார். ஆண் வேடமிட்டு வீரப் பயிற்சி பெறும் அலானாவின் கதையை அவர் முதலில் பெரியவர்களுக்கான ஒரே பெரிய நாவலாக எழுதியிருந்தார். பிறகு அதை இளையோருக்கான நான்கு சிறிய நூல்களாக மாற்றி, 1983 முதல் 1988 வரை வெளியிட்டார். நான்கும் சேர்ந்து ஒரு மாதத்துக்கு அளவாக இருக்கும்.

பக்கக் கணக்கு

எழுத்தாளரை முடிவு செய்த பிறகு பக்கக் கணக்கைப் போட வேண்டும். கடிகாரத்தை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் வழக்கமான வேகத்தில் வாசித்து, எத்தனை பக்கம் நகர்ந்தது என்று பாருங்கள். அரை மணிக்கு இருபது பக்கம் என்றால், நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் வாசிப்பவர் முப்பது நாளில் 1,200 பக்கம் வாசிக்கக்கூடும். அதில் கால் பங்கைத் தள்ளிவிட்டு 900 என்று வைத்துக்கொள்வதே நடைமுறைக்கு ஒத்துவரும். எர்த்சீ வரிசையின் முதல் மூன்று நூல்களும் பெரும்பாலான பதிப்புகளில் இருநூறு பக்கத்தை ஒட்டியவை. ஆகவே அவை மூன்றுக்கும் மேல் முந்நூறு பக்க நாவல் ஒன்றுக்கு இடம் உண்டு. இன்னும் வேகமாக வாசிப்பவருக்கு அதன் இடத்தில் ஐந்நூறு பக்க நாவல் ஒன்றும் அடங்கும். ஃபிலிப் புல்மனின் 'நார்தர்ன் லைட்ஸ்' தொடங்கி வரும் மூன்று நூல்களை மையமாக வைப்பவருக்கு வேறு எதற்கும் இடம் இராது. அவை மூன்றும் ஒரே கதை என்பதால் இடையில் நிறுத்தவும் முடியாது, மொத்தம் ஆயிரம் பக்கங்களைத் தாண்டும்.

தொடக்க அத்தியாயங்களுக்குக் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள். அறியாத உலகத்தின் முதல் ஐம்பது பக்கங்களில் வேகம் பாதியாகக் குறைவது இயல்பு. அதைக் கண்டு கணக்கு தவறிவிட்டதாக நினைக்க வேண்டியதில்லை.

பக்கத்தில் வைக்க வேண்டியவர்கள்

துணை எழுத்தாளரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதற்கு நான் கைக்கொள்ளும் அளவுகோல் ஒன்றே: இவருடைய உலகத்தில் மந்திரத்துக்கு என்ன விலை? நல்ல ஃபேன்டஸி நாவல் ஒவ்வொன்றும் இந்தக் கேள்விக்குத் தனக்கே உரிய விடையை வைத்திருக்கும். மைய எழுத்தாளர் தரும் விடைக்கு நேர் எதிரான விடையைத் தருபவரைப் பக்கத்தில் வைத்தால், இருவருமே தெளிவாகத் தெரிவார்கள். பெயரை அறிவதே ஆற்றல் என்னும் லெ குவினுக்கு எதிரில் கார்த் நிக்ஸின் 'சாப்ரியல்' நாவலை வைத்துப் பாருங்கள். 1995-இல் வந்த இந்த நாவலின் நாயகிக்குப் பதினெட்டு வயது. செத்தும் அடங்காதவர்களை மீண்டும் சாவுக்குள் அனுப்பி வைக்கும் கடமை தந்தையிடமிருந்து அவளுக்கு வருகிறது. அதற்காக அவள் சுமக்கும் ஏழு மணிகளில் சிறியது கேட்பவரை உறங்க வைக்கும். பெரியதோ, அடிப்பவர் உள்ளிட்ட அனைவரையும் சாவுக்குள் தள்ளிவிடும். ஆற்றல் கூடக்கூட அதைப் பயன்படுத்துபவருக்கான ஆபத்தும் கூடும் என்ற விதி, கையில் பிடிக்கும் ஒரு கருவியாகவே அமைந்திருப்பது இந்த நாவலின் சிறப்பு.

புல்மனின் 'நார்தர்ன் லைட்ஸ்' நாவலும் அதே 1995-இல் வந்ததுதான். அங்கே ஒவ்வொரு மனிதரின் ஆன்மாவும் ஒரு விலங்கின் வடிவில் உடலுக்கு வெளியே கூடவே நடக்கிறது. குழந்தைப் பருவத்தில் அது விருப்பம்போல் உருமாறும், வளர்ந்த பின் ஒரே வடிவத்தில் நிலைத்துவிடும். பதின்வயது என்பது என்ன என்பதை ஒரு பக்க விளக்கமும் இல்லாமல் சொல்லிவிடும் கற்பனை இது. அவருடைய மூன்றாம் பாகமான 'தி ஆம்பர் ஸ்பைகிளாஸ்', 2001-ஆம் ஆண்டின் விட்பிரெட் விருதை, பிரிட்டனின் இலக்கிய விருதுகளில் ஒன்றை, பெற்றது. பெரியவர்களுக்கான நூல்களோடு போட்டியிட்டு அந்த ஆண்டின் சிறந்த நூல் என்ற முதன்மை விருதைச் சிறுவர் நூல் ஒன்று வென்றது அதுவே முதல் முறை. அடுத்து அந்த இடத்தைப் பிடித்த சிறுவர் நூலை எழுதியவர் ஃபிரான்சஸ் ஹார்டிங். 2015-இல் வந்த அவருடைய 'தி லை ட்ரீ' விக்டோரியா காலத்து இங்கிலாந்தை வைத்து எழுதப்பட்டது. காதில் கிசுகிசுக்கப்படும் பொய்களை உண்டு வளரும் ஒரு மரம், அந்தப் பொய்கள் ஊரில் பரவப் பரவ, உண்மையைக் காட்டும் கனியைத் தருகிறது. அறிவுப் பசி கொண்ட ஒரு சிறுமிக்கு இதைவிடக் கொடிய சோதனை இருக்க முடியாது. தொடர் எதுவும் இல்லாத தனி நாவல் என்பதால் மாதக் கணக்கில் எங்கு வேண்டுமானாலும் பொருந்தும்.

ஐரோப்பியக் கோட்டைகளையும் குளிரையும் விட்டு வெளியே வர விரும்புவோர் நெடி ஒகோராஃபோரின் 'அகாட்டா விட்ச்' நாவலை எடுக்கலாம். 2011-இல் வந்த இந்தக் கதை நைஜீரியாவில் நடக்கிறது. நியூயார்க்கில் பிறந்து அங்கே வந்து வாழும், வெண்தோல் குறைபாடு கொண்ட சன்னி என்னும் சிறுமிக்குத் தான் மந்திர மக்களில் ஒருத்தி என்பது தெரிய வருகிறது. உலகம் குறை என்று கருதும் ஒன்றே இங்கே ஒருவரின் மந்திர ஆற்றலாக அமையும். புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ளும் ஒவ்வொரு முறையும் வானத்திலிருந்து பணம் விழும். மந்திரத்துக்கு விலை கேட்கும் மற்ற எழுத்தாளர்களுக்கு நடுவே, கற்றலுக்குக் கூலி கொடுக்கும் இந்த விதி எவ்வளவு வேறுபட்டது என்பது அடுத்தடுத்து வாசிப்பவருக்கே புரியும். இதன் இரண்டாம் பாகமான 'அகாட்டா வாரியர்', அறிவியல் புனைவுக்கும் ஃபேன்டஸிக்கும் உரிய ஹியூகோ விருதுகளோடு சேர்த்து இளையோர் நூலுக்கென 2018-இல் தொடங்கப்பட்ட விருதை முதலாவதாகப் பெற்றது.

ஜப்பானிய எழுத்தாளர் நஹோகோ உவேஹாஷியின் 'மோரிபிட்டோ' இன்னொரு நல்ல துணை. மானுடவியல் பயின்றவர் என்பதால், அரசவையின் வரலாறு ஒன்றாகவும் மலைமக்களின் வாய்மொழிக் கதை வேறொன்றாகவும் இருக்கும்போது எது எவ்வளவு உண்மை என்ற கேள்வியைச் சண்டைக் காட்சிகளுக்கு இடையிலேயே எழுப்புகிறார். இதன் நாயகி பால்சாவுக்கு முப்பது வயது. ஈட்டி ஏந்திப் பிறரைக் காப்பதைத் தொழிலாகக் கொண்டவள். இளையோர் நாவலின் நாயகி இளையவளாகத்தான் இருக்க வேண்டும் என்ற எழுதாத விதியை மீறியும் அது இளையோர் நாவலாகவே நிற்கிறது. உவேஹாஷி 2014-இல் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருது பெற்றார். இந்தத் தொடரின் முதல் இரு பாகங்களை கேத்தி ஹிரானோவின் ஆங்கில மொழிபெயர்ப்பில் வாசிக்கலாம்.

எதை முதலில் வாசிப்பது

தொடர் நாவல்களில் கதையின் கால வரிசையைவிட வெளிவந்த வரிசையே வாசிக்க ஏற்றது. பின்னாளில் எழுதப்படும் முன்கதை, முதல் நூல்களை வாசித்தவரின் அறிவை நம்பியே எழுதப்படுகிறது. புல்மன் 2017-இல் வெளியிட்ட 'லா பெல் சாவேஜ்' நாவலில், 'நார்தர்ன் லைட்ஸ்' நாவலின் நாயகியான லைரா கைக்குழந்தை. ஆயினும் அந்தக் குழந்தையைக் காப்பாற்ற ஒரு சிறுவன் படகில் படும் பாடு, அவள் பின்னாளில் யாராகப் போகிறாள் என்பதை அறிந்தவருக்கே முழுமையாக உறைக்கும். கார்த் நிக்ஸின் வரிசையில் 'சாப்ரியல்' தனியே முடிந்துவிடும்; 2001-இல் வந்த 'லிரயெல்' அப்படி முடியாது, 2003-இல் வந்த 'அபோர்சன்' நாவலோடு சேர்ந்தே ஒரு கதையாகும். ஆகவே முதலாவதோடு நிறுத்துங்கள், அல்லது மூன்றையும் எடுங்கள். இரண்டோடு நிறுத்துவது வீண் வேதனை.

இந்த விதிக்கு நான் ஒப்புக்கொள்ளும் விலக்கு லீ பார்டூகோ. 2012-இல் 'ஷேடோ அண்ட் போன்' நாவலோடு தொடங்கிய அவருடைய முதல் முப்பாகத்தைவிட, அதே உலகத்தில் 2015-இல் வந்த 'சிக்ஸ் ஆஃப் க்ரோஸ்' பல மடங்கு தேர்ச்சி பெற்ற நாவல். ஆறு இளைஞர்கள் சேர்ந்து நுழைய முடியாத ஒரு கோட்டையிலிருந்து ஒருவனைக் கடத்தி வரும் கதை அது. முன்னதை வாசிக்காதவரும் தடையின்றிப் பின்தொடரலாம். முதல் முப்பாகத்தின் முடிவு பற்றிய சில குறிப்புகள் அதில் வந்துவிடும் என்பதை மட்டும் அறிந்து வைத்துக்கொள்ளுங்கள். அதன் கதை 2016-இல் வந்த 'க்ரூக்கட் கிங்டம்' நாவலில்தான் நிறைவு பெறுகிறது. இரண்டும் கனமான நூல்கள்.

வாங்குவதற்கு முன் பெயரையும் சரிபாருங்கள். 'நார்தர்ன் லைட்ஸ்' வட அமெரிக்காவில் 'தி கோல்டன் காம்பஸ்' என்ற பெயரில் வந்தது. இரண்டையும் வெவ்வேறு நூல்கள் என்று எண்ணி வாங்கிவிடக் கூடாது.

குறிப்பேடும் ஒலிப்புத்தகமும்

குறிப்பெடுக்க ஒரு நூலுக்கு ஒரு பக்கம் போதும். அதில் பாத்திரங்களின் பெயரையும் ஊரையும் எழுதுவதோடு, யார் யாருக்கு என்ன வாக்குக் கொடுத்தார்கள் என்பதையும் எழுதுங்கள். ஃபேன்டஸி நாவலில் கொடுக்கப்பட்ட வாக்கு ஒருபோதும் சும்மா இருப்பதில்லை. மந்திரத்தின் விதி சொல்லப்படும் பக்க எண்ணைக் குறித்துக்கொண்டு, அது மீறப்படும் பக்க எண்ணைப் பிறகு அதன் அருகில் எழுதினால், எழுத்தாளர் நேர்மையாக விளையாடினாரா என்பது தெரிந்துவிடும். பெயர் மறந்துபோனால் இணையத்தில் தேடாதீர்கள். தேடல் பெட்டியில் ஒரு பாத்திரத்தின் பெயரை எழுதி முடிப்பதற்குள், அவர் எப்படிச் சாகிறார் என்ற கேள்வியை அந்தப் பெட்டியே முன்வைத்துவிடும்.

ஒலிப்புத்தகத்தில் கேட்பவர்கள் சுருக்கப்படாத பதிப்பையே தேர்ந்தெடுக்க வேண்டும். புல்மன் தம் மூன்று நூல்களையும் தாமே கதைசொல்லியாக இருந்து, நடிகர் குழுவோடு பதிவு செய்திருக்கிறார். 'சாப்ரியல்' நாவலை நடிகர் டிம் கரி வாசித்திருக்கிறார். இரண்டுமே கேட்கத் தகுந்தவை. கேட்கும்போது பெயர்களின் எழுத்துக்கூட்டல் தெரியாமல் போவதால், நூலின் முன்பக்க நிலப்படத்தை மட்டுமாவது கண்ணெதிரே வைத்துக்கொள்வது நல்லது.

கைவிடுதல்

ஐம்பது பக்கம் வரை வாசித்தும் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடலாம் என்றும், ஐம்பது வயதைக் கடந்தவர்கள் நூறிலிருந்து தங்கள் வயதைக் கழித்து வரும் எண்ணிக்கையளவு பக்கம் வாசித்தால் போதும் என்றும் நூலகர் நான்சி பேர்ல் ஒரு விதி சொல்லியிருக்கிறார். பொதுவாக நல்ல விதி. ஆனால் இவ்வகை நாவல்களுக்கு அது சற்றுக் குறைவு என்பது என் எண்ணம். புல்மன் தம் உலகத்துக்கே உரிய சொற்களை முதல் வரியிலிருந்தே விளக்கமின்றி வீசுகிறார். நூறு பக்கத்தில் அவை தாமே பொருள்பட்டுவிடும், ஐம்பதில் படாது. ஆகவே உலகம் புரியாததால் எழும் சலிப்பையும் மனிதர்கள் மீது அக்கறை பிறக்காததால் எழும் சலிப்பையும் பிரித்துப் பாருங்கள். முதலாவது என்றால் நூறு பக்கம் வரை பொறுங்கள். இரண்டாவது என்றால் ஐம்பதுக்கும் முன்பே மூடிவிடலாம். மைய எழுத்தாளரே பிடிக்காமல் போனால் முதல் வாரத்துக்குள் மாற்றிவிடுங்கள். கடமைக்காக அவருடைய மூன்று நூல்களையும் இழுத்துக்கொண்டு போவதால் எவருக்கும் பயனில்லை.

வயதுப் பொருத்தமும் திரைப்படங்களும்

இளையோர் என்ற சொல் நூல் வணிகத்தில் ஏறத்தாழ பன்னிரண்டு முதல் பதினெட்டு வயது வரை உள்ளவர்களைக் குறிக்கிறது. பன்னிரண்டுக்கும் பதினெட்டுக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்பது எவருக்கும் தெரியும். பிராட்செட்டை எந்த வயதினரிடமும் தயங்காமல் கொடுக்கலாம். பார்டூகோவின் நாவல்களில் ஆள்கடத்தலும் வன்முறையும் உண்டு என்பதால் மூத்தவர்களுக்கே ஏற்றவை. சாரா ஜே. மாஸின் 'எ கோர்ட் ஆஃப் தார்ன்ஸ் அண்ட் ரோசஸ்' 2015-இல் இளையோர் நாவலாக வெளிவந்து, பின்னர் பெரியவர்களுக்கான நூலாக மறுபதிப்புக் கண்டது. ஆகவே அட்டையையும் கடையின் அலமாரியையும் மட்டும் நம்ப வேண்டாம். வீட்டில் இருக்கும் பதின்வயதினரோடு சேர்ந்து வாசிப்பதாக இருந்தால், பெரியவர் ஒரு நூல் முன்னே செல்வது நல்லது.

திரைப்பட வடிவங்களை நூலுக்குப் பிறகே பாருங்கள். டயானா வின் ஜோன்ஸின் 'ஹௌல்ஸ் மூவிங் காசில்' 1986-இல் வந்தது. ஹாயாவோ மியாசாகி அதை 2004-இல் படமாக்கினார். படத்தில் மையமாக நிற்கும் போர் நாவலில் ஓரமாகவே இருக்கிறது. நாவலில் மாளிகையின் கதவு திறந்துகொள்ளும் மிக எதிர்பாராத இடம் ஒன்று படத்தில் இல்லவே இல்லை. இரண்டும் தனித்தனியே சிறந்த ஆக்கங்கள் என்பதால் ஒன்றைக் கொண்டு மற்றதை அளக்க வேண்டியதில்லை. எர்த்சீக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. கெட்டும் அந்தத் தீவு மக்களில் பெரும்பாலோரும் மாநிறமோ கருநிறமோ கொண்டவர்கள் என்று லெ குவின் எழுதியிருக்க, 2004-இல் வந்த தொலைக்காட்சித் தொடர் கெட்டை வெள்ளையனாக்கியது. அதை அவர் வெளிப்படையாகக் கண்டித்து எழுதினார்.

அடுத்த எழுத்தாளரைக் கண்டடைதல்

மாதத்தின் கடைசி நாட்களை அடுத்த எழுத்தாளரைத் தேடுவதற்கு ஒதுக்குங்கள். விற்பனைப் பட்டியல்கள் ஒரே மாதிரியான நூல்களையே திரும்பத் திரும்பக் காட்டும். விருதுப் பட்டியல்கள் அவற்றைவிடப் பரவாயில்லை. நெபுலா விருதுகளோடு சேர்ந்து வழங்கப்படும் ஆண்ட்ரே நார்டன் விருது, ஹியூகோவோடு சேர்ந்து வழங்கப்படும் லோட்ஸ்டார் விருது ஆகிய இரண்டும் இளையோர் ஃபேன்டஸிக்கும் அறிவியல் புனைவுக்கும் உரியவை. வென்றவரைக் காட்டிலும் இறுதிச் சுற்றுவரை வந்தவர்களின் பெயர்களில்தான் புதிய குரல்கள் அதிகம் கிடைக்கும். சிறுவர், இளையோர் நூல்களுக்காக பிரிட்டனில் 1936 முதல் வழங்கப்பட்டு வரும் கார்னகி பதக்கம் ஃபேன்டஸிக்கு மட்டும் உரியதன்று. ஆனால் புல்மன் உட்பட இவ்வகையின் முக்கியமான எழுத்தாளர்கள் பலர் அதில் இடம்பெற்றிருக்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது ஃபீனிக்ஸ் விருதின் பட்டியல். இருபது ஆண்டுகளுக்கு முன் வெளிவந்து, அப்போது பெரிய விருது எதுவும் பெறாமல் போன சிறுவர் நூல் ஒன்றைத் தேடிப் பிடித்து அந்த விருதைக் கொடுக்கிறார்கள். 'ஹௌல்ஸ் மூவிங் காசில்' 2006-இல் அப்படித்தான் விருது பெற்றது. இருபது ஆண்டு கழித்தும் வாசிக்கப்படுகிறது என்பது, வெளிவந்த வாரத்தில் கிடைக்கும் பாராட்டைவிட நம்பகமான பரிந்துரை.

மாதம் முடிந்து இரண்டு நாள் மிச்சமிருந்தால், அதே டயானா வின் ஜோன்ஸ் 1996-இல் எழுதிய 'தி டஃப் கைட் டு ஃபேன்டஸிலேண்ட்' என்ற நூலைப் புரட்டுங்கள். ஃபேன்டஸி நாவல்கள் அனைத்தும் ஒரே சுற்றுலாத் தலத்தில் நடப்பதாகப் பாவித்து, அங்கே செல்லும் பயணிக்கு அகராதி வடிவில் எழுதப்பட்ட கேலி வழிகாட்டி அது. எந்த ஊருக்குப் போனாலும் உண்ணக் கிடைப்பது ஒரே குழம்புதான் என்பதிலிருந்து, நிலப்படத்தில் உள்ள எல்லா இடங்களுக்கும் பயணி போயே ஆக வேண்டும் என்பது வரை, தேய்ந்துபோன உத்தி எதுவும் தப்பவில்லை. குறிப்பேட்டைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு, இந்த மாதம் வாசித்த நூல்களில் எவை எந்தெந்தப் பதிவில் சிக்குகின்றன என்று அடையாளமிட்டுப் பாருங்கள். மிகக் குறைவாகச் சிக்கிய எழுத்தாளரே அடுத்த முறை மையத்தில் வைக்கத் தகுந்தவர்.